ஆடு தின்னாத பூ

முத்தியால்பேட்டை,
15.10.2023

நிர்மலாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்ட் மாறிவிட்டதா? இங்கே உன் மாமா நலம், வழக்கம்போல எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டு.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னாய். சரி, நானும் கவர் வாங்கி வந்துவிட்டேன். சண்டை போடாமல் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. நான் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்கிறேன். நம் பையன் இனியவன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கேமரா பீரோவில் சும்மாதான் கிடந்தது. சுடர்விழி என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. புத்தகங்களுக்குக் காட்டுப்பூக்களைப் படம் எடுப்பதுதான் அவள் தொழில். முகூர்த்த நாட்களில் கல்யாணத்துக்கும் போவாள். ஞாயிறுதோறும் லாஸ்பேட்டை ஏர்போர்ட்டைத் தாண்டி ஒரு செம்மண் மேட்டுக்கு அழைத்துப்போய் அவள் வேலை செய்யும்போதே கூட இருந்து கற்றுக்கொள்ள விடுகிறாள். யாரோ ஒரு பெரியவர் வீடு கட்டாமல், மரம் வெட்டாமல் காடாகவே விட்டுவைத்திருக்கும் இடம் அது.

பூவைப் படம் எடுக்க என்ன இருக்கிறது, குனிந்து எடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். அவள் என்னைத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதில், புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறி, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். பூ சுண்டுவிரல் நகம் அளவு. எடுத்த எழுபது படமும் கலங்கல். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மறுபடியும் எடுங்க ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி என்றதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா
சுலோசனா


பிலாய்,
28.10.2023

என் அக்காவுக்கு,

முட்டி பரவாயில்லை, மாடிப்படியில் மட்டும் முணுமுணுக்கிறது. அவருக்குப் பகல் ஷிப்ட் வந்துவிட்டது. மாமாவை நான் கேட்டதாகச் சொல்.

நீ தரையில் படுத்திருப்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நம் கூடத்தில் ஒரு எறும்பைப் பார்த்தால் தெருவையே கூட்டுகிறவள் நீ. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தையல் வகுப்பு மூன்று மாதம், இந்தி வகுப்பு ஆறு வாரம், யோகா ஒன்பது நாள். இதையாவது பாதியில் விடாமல் செய். நல்ல படம் ஒன்று வந்தால் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு, ஹாலில் மாட்டுகிறேன்.

தீபாவளிக்கு அதிரசம் செய்யும்போது என்னை நினைத்துக்கொள்.

நிர்மலா


முத்தியால்பேட்டை,
15.11.2023

நிர்மலாவுக்கு,

தீபாவளி முடிந்தது. அதிரசம் கல்லாகிவிட்டது, உன் மாமா அதை வைத்து ஆணி அடிக்கலாம் என்கிறார். உன் வீட்டில் எல்லோரும் சுகமா? பனி விழும் நேரத்தில் வெளியே போகாதே.

யோகாவைச் சொல்லிக் காட்டினாய் அல்லவா, கேள். என்னோடு கற்றுக்கொள்ளச் சேர்ந்த நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். நான் ஒருத்திதான் மிச்சம். அதற்காக எனக்கு ஏதோ கைவந்துவிட்டது என்று நினைக்காதே. சண்டே மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பாய் வாங்கினேன், முட்டிக்குப் பட்டை வாங்கினேன், ஸ்டாண்டு வாங்கினேன். படம் மட்டும் வரவில்லை. காற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பாள். காற்று நிற்கும்போது வெயில் போய்விடும். வெயில் வரும்போது நான் மூச்சு விட்டுத் தொலைப்பேன். அவளும் அதே பூவை அதே நேரத்தில்தான் எடுக்கிறாள், அவள் படத்தில் மட்டும் மகரந்தம்வரை எண்ணலாம்.

அவளுடைய சட்டங்கள் வேறு. புல்லை ஒதுக்கக் கூடாது, காய்ந்த இலையை எடுக்கக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது, பறிக்கவே கூடாது. ஒருநாள் பூவைச் சுற்றிக் கிடந்த குப்பையைக் கையால் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டேன். வாசல் கூட்டிப் பழகிய கை. "இது உங்க வீடு இல்ல ஆன்ட்டி, அதோட வீடு" என்றாள். ரோஷமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன்.

இப்போது அங்கே ஒரு பெரிய செய்தி. தரையில் முளைக்கும் ஆர்க்கிட் வகைச் செடி ஒன்று. மூன்று வருஷமாக இலை மட்டும் விட்டு ஏமாற்றிக்கொண்டிருந்ததாம், இந்த மழைக்கு ஒரே ஒரு தண்டு விட்டு மொட்டுக் கட்டியிருக்கிறது. மொட்டு முதல் விதை வரைக்கும் படம் எடுத்துத் தன் புத்தகத்தில் போடப் போகிறாள். அதைப் பார்க்கும்போது அவள் முகம் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கும் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த வாரம் ஒரு கல்யாண வேலையாகக் காரைக்கால் போகிறாள். "ரெண்டு நாள் நீங்க பாத்துக்கோங்க ஆன்ட்டி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சுலோசனா


முத்தியால்பேட்டை,
22.11.2023

நிர்மலா,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்று எனக்குப் படம் வந்துவிட்டது.

விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பூ விரிந்திருந்தது. ஒரே தண்டில் பத்து வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் இறக்கை விரித்த கொக்கு மாதிரி. காற்று நின்றது, வெயில் போகாமல் நின்றது, நானும் மூச்சை நிறுத்தினேன். ஒரே ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன், இதழின் நரம்பு தெரிகிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சிரிக்காதே.

அந்தச் சந்தோஷத்தில் உனக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் போல இருந்தது. கை தானாகப் போய்விட்டது. தினமும் விடியற்காலையில் பிளாஸ்டிக் கவரோடு போய் வேலியில் எட்டிப் பூஜைக்குப் பறிக்கிற கைதானே. படம்தான் எடுத்தாகிவிட்டதே, எப்படியும் வாடப் போகிற பூ, சாமிக்குப் போகட்டும். தண்டோடு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். உன் வீட்டு முருகனுக்கு வை. என் முதல் நல்ல படத்தின் பூ.

அவசரமாக முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுலோசனா


பிலாய்,
2.12.2023

என் அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் பூ வந்து சேர்ந்தது. வாடித்தான் வந்தது, ஆனாலும் வடிவம் கெடவில்லை. முருகன் காலடியில் ஒரு நாள் வைத்துவிட்டு, தூக்கிப்போட மனமில்லாமல் அவருடைய பெரிய அகராதிக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாகூட எடுத்துப் பார்த்தாள். என் அக்கா படம் எடுத்த பூ என்று பெருமையாகச் சொன்னேன்.

படத்தை எப்போது அனுப்பப் போகிறாய்? அந்தப் பெண் பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? இப்போதாவது மறுபடியும் எடுங்க என்று சொல்லாமல் இருந்தாளா?

நிர்மலா


முத்தியால்பேட்டை,
11.12.2023

நிர்மலாவுக்கு,

நலம். உங்கள் நலமும் தெரிந்து சந்தோஷம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, துணி காயவில்லை.

இங்கே மனசு சரியில்லை. அந்தச் செடியில் பூவைக் காணோம். போன மாதம் சுடர்விழி காரைக்காலிலிருந்து வந்த வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்திருக்கிறாள், தண்டு பாதியில் நறுக்கென்று போயிருக்கிறது. எனக்கு போன் செய்தாள், போனேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மண்ணில் உட்கார்ந்து அந்த மொட்டைத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேட்டில் அந்த ஒரு செடிதானாம். விதை விழுந்திருந்தால் இன்னும் நாலு முளைத்திருக்கலாமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஒன்று போனால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நம் ஊரில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. சின்னப்பாப்பா என்று ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், அந்தப் பக்கத்துக் கிராமத்தவள். பன்னிரண்டு ஆடு வைத்து மேய்க்கிறாள். மனை பிரித்து விற்கிறவர்கள் சுற்றிலும் கல் நட்டுவிட்டதால் அவளுக்கு மேய்ச்சலுக்கு மிஞ்சியது அந்த மேடுதான். அங்கே காவலுக்கு இருக்கும் சாமிக்கண்ணு அவளை இத்தனை நாளும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். சுடர்விழி அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். கேட்டாள் என்ன, கத்தினாள். அவ்வளவு சாதுவான பெண் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "இல்லம்மா, என் ஆடு அத தின்னல" என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.  இனிமேல் ஆட்டை உள்ளே விடக் கூடாது என்று பெரியவரிடம் சொல்லி ஏற்பாடு ஆகிவிட்டது.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வெயில் அதிகமாக இருந்தது.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

சுலோசனா


பிலாய்,
20.12.2023

என் அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. என் வீட்டு அகராதிக்குள் இருக்கிறதே, அது எந்தப் பூ?

அதே பூ என்றால், அந்த ஆட்டுக்காரியை அந்தப் பெண் திட்டும்போது நீ ஏன் பேசாமல் நின்றாய்? வேறு பூ என்றால் ஒரு வரி எழுது, நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நிர்மலா


முத்தியால்பேட்டை,
29.1.2024

நிர்மலாவுக்கு,

பதில் தாமதம். பொங்கல் வேலை, அதற்குப் பிறகு உன் மாமாவுக்கு இருமல். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன், காலையில் போனால் சாயங்காலம்தான் வர முடிகிறது. பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். உன் கடிதம் வந்தது. இங்கே அடித்த மழையில் தபால்காரர் பையே நனைந்து பாதி எழுத்து கலைந்திருந்தது, சரியாகப் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி கடைசியில் பீச் ரோடு பக்கம் ஒரு சின்ன ஹாலில் சுடர்விழி கண்காட்சி வைக்கிறாள். என்னுடைய படமும் ஒன்று வேண்டும் என்கிறாள். "ஒண்ணே ஒண்ணு ஆன்ட்டி, நல்லதா" என்று வாரத்துக்கு மூன்று முறை கேட்கிறாள். என்னிடம் நல்லதாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை எப்படிக் கொடுப்பது? இந்தப் பாழாய்ப்போன கேமரா படத்தோடு தேதி, மணி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் வேறு எடுக்கலாம் என்று இரண்டு மாதமாக அலைகிறேன். தும்பைப்பூவை எடுத்தேன், கலங்கல். நெருஞ்சியை எடுத்தேன், கலங்கல். முன்பெல்லாம் காற்றைத் திட்டினேன், இப்போது காற்றே இல்லாத நாளிலும் கை ஆடுகிறது. எரிச்சலில் நேற்று ஸ்டாண்டை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

போகிற வழியில் தினமும் அந்தப் பெண்பிள்ளையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரோட்டு ஓரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நிற்கிறாள். பன்னிரண்டு ஆறாகிவிட்டது. நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

சுலோசனா


பிலாய்,
9.2.2024

அக்கா,

நலம்தானே. மாமாவுக்கு மிளகுக் கஷாயம் கொடு.

போன கடிதம் நனைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதனால் இந்த முறை குறைவாக எழுதுகிறேன். பூவை பிளாஸ்டிக் உறையில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், மழை வந்தாலும் நனையாது. எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடு. சொல்ல வாய் வராவிட்டால் கையில் கொடுத்துவிட்டு நில், போதும்.

தையல், இந்தி, யோகா எதை விட்டதற்கும் நான் உண்மையில் வருத்தப்பட்டதில்லை அக்கா. இதை விட்டுவிடாதே.

நிர்மலா


முத்தியால்பேட்டை,
3.3.2024

நிர்மலாவுக்கு,

நாங்கள் சுகம். மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

உன் கவர் பத்து நாள் என் கைப்பையில் இருந்தது. முதலில் உன் மேல்தான் ஆத்திரம். போனாக இருந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். கடிதத்தில் உன்னைத் திட்டிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. நான்கு கடிதம் கிழித்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் சுடர்விழி ஹாலில் படங்களை மாட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு இடம் எனக்காகக் காலியாக விட்டிருந்தாள், ஆணிகூட அடித்து. நான் பூவையும் கேமராவையும் மேஜை மேல் வைத்தேன். நீ சொன்னது சரி, வாய் வரவில்லை. அவள் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கேமராவை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். என் படத்தை அவ்வளவு நேரம் அவள் என்றைக்கும் பார்த்ததில்லை.

"ஷார்ப்பா இருக்கு ஆன்ட்டி" என்றாள்.

ஐந்து மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மண்ணில் புரண்டேன். அது வந்த நேரத்தைப் பார். பிறகு அவள் ஸ்டூலில் ஏறி அந்த ஆணியைப் பிடுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றாள், குரலை உயர்த்தாமல்.

நான் மெதுவாகச் சின்னப்பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. அன்றைக்கே பெரியவருக்கு போன் போட்டாள். பெரியவர் அதற்குள் கம்பி வேலி போட்டுவிட்டார். போட்ட வேலியைப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். தப்பைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

சுலோசனா


பிலாய்,
14.3.2024

என் அக்காவுக்கு,

சரியாகும் என்று நான் எழுதவில்லை. கொடு என்று மட்டும்தான் எழுதினேன்.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாய். ஆட்டுக்காரியிடம் சொன்னாயா?

முட்டி தேவலை. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நிர்மலா


முத்தியால்பேட்டை,
18.11.2024

நிர்மலாவுக்கு,

எட்டு மாதமாக உனக்கு எழுதாததற்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். முட்டிக்கு ஆபரேஷன் என்று மாமா சொன்னார், அவர் மட்டும் உன்னோடு போனில் சண்டை இல்லாமல் பேசிவிடுகிறார். எப்போது என்று தேதி எழுது, வந்து பக்கத்தில் இருக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல இத்தனை நாள் ஆனது. மார்ச் மாதமே சின்னப்பாப்பாவிடம் போனேன். பூவைப் பறித்தது நான்தான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அப்போது அவளிடம் ஆடு இரண்டுதான் மிச்சம். மற்றதை விற்றுவிட்டு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போனேன். நம் தெரு முருங்கை மரத்துத் தழை, வாழையிலைக் கடையில் மிஞ்சும் மட்டை, கிடைத்ததை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் போட்டுவிட்டு வருவேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஜூன், ஜூலை எல்லாம் இப்படியே போனது. போகிற ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

போன வாரம் மழை விட்டதும் தழையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவளாகவே பேசினாள்.

"அந்த வெள்ளப் பூவ ஆடு மோந்துகூடப் பாக்காதுக்கா. நா பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

 அவள் என் தோளைப் பார்த்தாள். கேமரா பை தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்காவிட்டாலும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டே திரிகிறேன்.

"அத இங்கியே வச்சிட்டு வா" என்றாள்.

அவள் வீட்டுக் கொடியில் பையை மாட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். எங்கே என்று உனக்கும் எழுத மாட்டேன். ஓர் ஓடைப் பள்ளத்தில், ஆள் போகாத இடத்தில், அந்தப் பூ. ஒன்றல்ல. நான் எண்ணினேன், முப்பத்தொரு தண்டு. காற்று இல்லை. வெயில் பக்கவாட்டில் விழுந்தது. சுடர்விழி வருஷத்துக்கு ஒருமுறை வருமா என்று ஏங்குகிற வெளிச்சம் அது. கை சும்மா இருக்க முடியாமல் துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சின்னப்பாப்பா பூவைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

முந்தாநாள் காந்தி வீதியில் சுடர்விழியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன், அவளே வந்து பேசினாள். இளைத்திருக்கிறாள். செடி இந்த வருஷம் இலைகூட விடவில்லையாம், புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடப் போகிறாளாம். "நீங்க எங்கியாவது பாத்தீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் இப்போது படமே எடுப்பதில்லை என்றேன். அது பொய் இல்லை, ஆனால் அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அவளுக்குத்தான் நான் முதலில் துரோகம் செய்தேன். அவள் கண்ணுக்கு முன்னால் நின்று, முப்பத்தொன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்தேன். போன வருஷம் பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசவில்லை. இப்போது பேசத் துடிக்கிறேன், பேச எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் சிரிக்கக்கூட இல்லை.

ஆபரேஷனுக்கு நான் வரும்போது இடம் எங்கே என்று கேட்காதே. படம் கேட்காதே. கவரைப் பிரித்ததும் உதறிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். இதில் கடிதம் மட்டும்தான் இருக்கிறது.

உன் அக்கா
சுலோசனா